கட்டாக்காலி நாய்களும் நமது கடனும்

கட்டாக்காலி என்னுஞ் சொல்லை மட்டக்களப்பு நாட்டிலே அறியாதார் இலர். காலி என்பது ஆநிரையைக் குறிக்கும். கட்டப்படாது திரிந்து பிறர் வேளாண்மையை மேயும் மாடு கட்டாக்காலி எனப்பட்டது. அத்தகைய மாட்டைக் கண்டவர் அதன் உடலிற் சுட்ட குறியை நோக்குவர். குறியைக் கொண்டு உடையவரை அறிவர். அவரிடஞ் சென்று முறையிடுவர். மாட்டின்மீது எவரும் பழிகூறார். கட்டாது விட்டவர்மீதே பழி நிற்கும்.

இச்சொல் இக்காலத்தில் நாய்க்கும் வழங்குகின்றது. ஆயின், வீதியில் நாயைக் கண்டவிடத்து, இதனைக் கட்டாது விட்டவர் யாவர் என்று வினவுவாரைக் காண்டல் அரிது. நாய்க்குக் குறி சுடுவதில்லை. ஆதலின் உடையவரும் இல்லையென்று துணிந்துவிடுகின்றோம். ஒருசாரார் கல்லெடுப்பர், ஒருசாரார் எஞ்சிய சோற்றை எறிவர், இருசாராரும் அதனைத் தம்முடையதென்று கொள்ளார். ஊரிற் சோறுண்டு வாழும் எந்த நாய்க்கும் உடையவர் உளர், அவ்வுடைமையை ஊரவர் ஒப்புக்கொள்ளாமையே குறை என்பது இக்கட்டுரையில் யாம் கூறப்புகுந்த பொருளாகும். இதனை ஆசிரியர்க்கு உரைத்தற்குக் காரணமும் உண்டு. வீதி நாயினாற் பெருந்தீங்கு அடைவோருள் பாடசாலைப் பிள்ளைகள் முன்னிற்கின்றனர். அத்தீங்கினின்று அவர்களைக் காக்க வல்லாருள் ஆசிரியரும் முன்னிற்கின்றனர்.

1. நாய்கள் வீதிக்கு வரும் வழி

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நாய்கள் வீதிக்கு வரும் வழிகள் பல. அவற்றுள் முதலாவது குட்டிகளைக் கைவிடுதல். வீட்டிலே நாய் ஈன்றால் ஆண்குட்டிகளை அயலார் விரும்பிக் கேட்பர். பெண்குட்டிகளைக் கேட்பார் அரியர். எஞ்சிய பெண்குட்டிகள் சாக்கிலும் பெட்டியிலும் இடப்பட்டு, சந்தையருகும் பாலத்தருகும் கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. விட்டவர், யாரேனும் சோறிடுவர் என்று தம்மைத் தேற்றிக்கொள்வர். பிழைத்த பெண்குட்டி ஓராண்டு நிரம்பும் முன்னரே சூல்கொள்ளும். நாயின் சூற்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இருமுறை ஈனவும் கூடும். ஆகவே ஒரு வீட்டார் இன்று வேண்டாவென்று விட்ட ஒரு குட்டி, சில ஆண்டிற்குள் ஒரு வீதியின் நாய்க்கூட்டமாகிவிடும்.

இரண்டாவது, உடையவர் உளதாயிருந்தும் கட்டப்படாத நாய். இரவிற் காவலுக்கென வளர்க்கும் நாயைப் பகலில் வீதியில் விடுவார் பலர். பகலெல்லாம் வீதியிற் காணப்படும் நாய்களிற் பல அந்தி வந்ததும் ஒரு வீட்டு வாயிலிற் சென்று படுத்துக்கொள்ளுதலை எவரும் கண்டறியலாம். மூன்றாவது, வயல் வாடியிலும் மாட்டுப்பட்டியிலும் காவலுக்குக் கொண்டுசென்ற நாயை, வேளாண்மை வெட்டியபின் அவ்விடத்தே விட்டுவருதல். நான்காவது, வழிதவறுதல். திருவிழா வாணவெடிக்கும் தீபாவளி வெடிக்கும் இடிமுழக்கத்துக்கும் அஞ்சி ஓடிய நாய், மீளும் வழியறியாது வேற்றூரில் அலையும்.

ஐந்தாவதொன்று இந்நாட்டார் பட்ட துன்பத்தோடு இயைந்தது. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்பேரலையும், 1990 இலும் 2007 இலும் போரினால் நேர்ந்த இடப்பெயர்வுகளும் குடும்பங்களை ஊரினின்றும் பெயர்த்தன. உயிர்தப்ப ஓடுவார் நாயை நினைந்திலர் என்று குறைகூறுதல் தகாது. எனினும், ஆளற்ற வளவில் வாயிலைக் காத்துக்கிடந்த நாயைக் கட்டாக்காலி என்று இகழ்தலும் தகாது. தன் கடமையை அது விட்டதில்லை.

இவ்வாறு வந்த நாய்களை வீதியில் நிலைபெறச் செய்வது உணவு. மீன் இறக்கும் துறைகளிற் கொட்டும் குடலும் செதிலும், இறைச்சிக்கடைக் கழிவும், அன்னதானத்தின்பின் குவியும் எச்சில் இலைகளும், பாடசாலை மதிலுக்கு வெளியே எறியும் மதியவுணவும் அவற்றின் உணவாகும். உணவுள்ள இடத்தில் நாய் உளதாதல் இயற்கை. குப்பையை மூடாத ஊர் நாயை அழைத்த ஊரேயாம்.

2. விசர்நாய்க்கடி நோய்

வீதி நாயினால் வருந் தீங்குகள் பல. ஆட்டுக்குட்டியையும் கோழியையும் கொல்லும். இரவிலே துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்வாரைத் துரத்தி வீழ்த்தும். இவற்றினும் கொடியது விசர்நாய்க்கடி நோய். இந்நோயின் கிருமி நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் உள்ளது; கடிவாயின் வழியே உட்புகுந்து நரம்புவழி மூளையைச் சேரும். நோய்க்குறி வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதம் செல்லும். சிலபோது ஒரு வாரத்திலும், சிலபோது ஓராண்டின் பின்னரும் வெளிப்படும். வெளிப்பட்டபின் பிழைத்தார் மிக அரியர். வெளிப்படுமுன் முறையாக ஊசி ஏற்றிக்கொண்டவர் இறத்தலும் அவ்வாறே மிக அரிது.

இவ்விரு நிலைக்கும் இடையில் உள்ள கால எல்லையே உயிர்காக்கும் எல்லை. பிரெஞ்சு நாட்டறிஞர் லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் நாள், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டர் என்பானுக்குத் தாம் ஆக்கிய மருந்தை முதன்முதல் ஏற்றினார், சிறுவன் பிழைத்தான். அதன்பின் நூற்று நாற்பது ஆண்டு கழிந்தும், உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 மாந்தர் இந்நோயால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மக்களுக்கு வரும் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்வழி வருவது. இறப்போரிற் பத்தில் நால்வர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறார். மருந்து உளது, அது நமது அரசினர் வைத்தியசாலைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. இருந்தும் ஒரு பிள்ளை இறக்குமாயின், அதற்குப் பெருங்காரணம் கடியைப் பெரியோர் அறியாமையும், அறிந்தும் பொருட்படுத்தாமையுமாம்.

பிள்ளைகள் கடியை மறைத்தல் உலகவழக்கு. தடைசெய்த தெருவழியே சென்றதற்கு அடிவிழும் என்றும், குட்டியோடு விளையாடியதற்கு ஏச்சு விழும் என்றும், ஊசி குத்துவர் என்றும் அஞ்சுவர். சிறு கீறல்தானே என்று தாமும் மறந்துவிடுவர். ஆதலின் ஆசிரியர் வகுப்பிலே வெளிப்படையாக ஒரு வாக்குறுதி அளித்தல் வேண்டும்: நாயோ பூனையோ கடித்ததென்றும் கீறியதென்றும் கூறும் பிள்ளையை எக்காரணத்தாலும் கடிந்துகொள்ளோம் என்பதே அது. பெற்றோரையும் அழைத்து அவ்வாறே கூறச்செய்தல் நன்று. இவ்வொரு வாக்குறுதி ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.

3. கொல்லுதல் பயன்பட்டதா?

நாய்களைக் கொன்றொழித்தால் இடர் நீங்கும் என்பார் இன்றும் உளர். சினத்தாற் கூறுவாரும், பிள்ளையைப் பறிகொடுத்த துயராற் கூறுவாரும் அவருள் உளர். அவரை இகழாது, நிகழ்ந்ததை எடுத்துக்காட்டுதலே ஆசிரியர் கடன்.

இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச்சட்டம் 1893 இலும், நாய்களைப் பதிதற்குரிய கட்டளைச்சட்டம் 1901 இலும் ஆக்கப்பட்டன. பதியப்படாத நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் அக்காலந்தொட்டு நெடுங்காலம் நிலவிற்று. ஏறக்குறைய எண்பது ஆண்டின்பின், 1973 இல், இந்நாட்டில் விசர்நோயால் இறந்தோர் 377 பேர். 1975 இல் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி நாடெங்கும் தொடங்கிற்று. இறப்பு படிப்படியாகக் குறைந்தது. 2006 இல் அரசு நாய்களைக் கொல்லும் வழக்கத்தை நிறுத்திற்று. கொலை நின்றமையால் இறப்பு மீண்டும் பெருகவில்லை. அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஐம்பதின் கீழேயே நிற்கின்றது. நோயைத் தடுத்தது ஊசி என்பது இதனாற் பெறப்படும்.

இதன் காரணத்தைக் கணிதபாடமாகவே கற்பிக்கலாம். ஓரூரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபது ஊசி பெற்றிருப்பின் நோய் பரவ வழியற்றுப்போம் என்பர் அறிஞர். ஓரூரில் 200 நாய் உளவெனவும், அவற்றுள் 140 ஊசி பெற்றனவெனவும் கொள்வோம். நூற்றுக்கு எழுபது நிரம்பிற்று. ஊசி பெற்றவற்றுள் 50 நாயை ஊரார் கொன்றனர். குப்பையும் மீன்கழிவும் குறையாமையின், அயலூர் நாயும் புதிய குட்டியுமாக 50 நாய் அவ்விடத்தை நிரப்பின. இப்பொழுதும் நாய் 200. ஊசி பெற்றனவோ 90. நூற்றுக்கு நாற்பத்தைந்தாயிற்று. நாய் குறையவில்லை, காவலே குறைந்தது.

சென்னை நகரிலும் இவ்வனுபவமே கிடைத்தது. அந்நகர மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. 1959 இல் கப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் என்னுஞ் சங்கத்தார், கொலையை விடுத்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்க என்று 1964 தொடங்கி வற்புறுத்தினர். 1996 இலேயே மாநகராட்சி அம்முறையைக் கைக்கொண்டது. 2001 இல் இந்திய அரசு அதனை விதியாக்கிற்று. 2025 ஆகஸ்டு 11 இல் இந்திய உச்சநீதிமன்றம், டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு கட்டளையிட்டது. அம்மாதம் 22 ஆம் நாள் மூவர் அமர்ந்த ஆயம் அதனைத் திருத்தி, விசருடையனவும் மூர்க்கமானவையும் ஒழிந்த நாய்களைக் கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுக என்றது. கண்டவிடமெல்லாம் சோறிடலாகாது, அதற்கென இடம் ஒதுக்கப்படல் வேண்டும் என்றும் கூறிற்று. இதன் பிற்பகுதி நாம் ஊன்றி நோக்கற்பாலது.

4. சோறிட்டவர் உடையவராவர்

பட்டினத்தடிகள் வரலாற்றைக் கற்பிப்போர், திருவிடைமருதூரில் நிகழ்ந்ததாக வழங்குங் கதையை அறிவர். அடிகள் கிழக்குக் கோபுரவாயிலிலும், அரசுதுறந்து அவர்க்கு மாணாக்கரான பத்திரகிரியார் மேற்குக் கோபுரவாயிலிலும் இருந்தனர். பத்திரகிரியாரிடம் ஒரு திருவோடு இருந்தது. அவர் உண்டு எஞ்சியதை உண்ணும் நாயொன்றும் உடனிருந்தது. தம்மிடம் இரக்க வந்தவரை நோக்கி அடிகள், யாமோ ஒன்றுமில்லேம், மேற்கு வாயிலிலே ஒரு குடும்பி உளன், அவனிடம் செல்க என்றனர். அதுகேட்ட பத்திரகிரியார், ஓடும் நாயுமன்றோ நம்மைக் குடும்பியாக்கின என்று நொந்து, ஓட்டை நாயின்மேல் எறிந்தார். ஓடு உடைந்தது, நாயும் இறந்தது. அந்நாய் பின்னர்க் காசியரசன் மகளாய்ப் பிறந்து, தன்னை ஊட்டியவரையே நாடிவந்தது என்பது வரலாறு.

இக்கதையைத் துறவின் சிறப்பிற்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் வழக்கம். அதனுள்ளே நமக்கேற்ற வேறொரு பொருளும் உளது. பத்திரகிரியார் அந்நாயை விலைகொடுத்து வாங்கியவரல்லர், கட்டி வளர்த்தவருமல்லர். எஞ்சிய சோற்றை இட்டார், அவ்வளவே. அதனாலேயே அவர் குடும்பியாயினர். எறிந்தபின்னும் அத்தொடர்பு அறவில்லை. சோறிடுதலே உடைமை என்பதும், உடைமையை எறிந்து தொலைத்தல் இயலாதென்பதும் இதனால் விளங்கும்.

நம்மூர்களில் வைரவர் வாகனம் என்று கருதி நாய்க்குச் சோறிடுவார் பலர். அது நற்செயலே, அதனைத் தடுத்தல் வேண்டா. ஆயின் சோறிட்டபின், என் நாயன்று என்று கூறுதல் அறமாகாது. சோறிட்டவர் அந்நாய்க்கு ஊசி ஏற்றப்படுதலையும், பெண்ணாயின் கருத்தடை செய்யப்படுதலையும் பார்த்தல் வேண்டும். உண்ணுமிடத்தைத் துப்புரவாக வைத்தல் வேண்டும். பிள்ளைகள் செல்லும் வழியினின்று விலகிய இடத்திலே சோறிடல் வேண்டும். இவற்றை ஒருவராற் செய்யலாகாதாயின் ஒரு வீதியார் கூடிச் செய்க. சோற்றைமட்டும் இட்டு இவற்றை விடுதல், பசியைத் தீர்த்து நோயையும் குட்டிகளையும் பெருக்குதலாய் முடியும். சீவகாருணியம் கைப்பிடிச் சோற்றோடு முடிவதன்று.

மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயென்று பலவிடத்துங் கூறிக்கொண்டனர். இழிவு தோன்றக் கூறியதென்பர். தலைவனை விட்டு நீங்காமையும் அப்பெயரில் அடங்கியிருத்தலை மாணவர்க்கு உணர்த்துக. நாய் என்னும் பெயரே உடையவன் ஒருவனை அவாவி நிற்பது.

5. பாடசாலை செய்யத்தக்கன

முதலாவது, நாய்க்கணக்கு. மேல்வகுப்பு மாணவர் தத்தம் வீதியில் வீடுவீடாக வினவி ஓர் ஏடு எழுதுக. வீட்டில் உள்ள நாய் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, இவ்வாண்டு ஊசி பெற்றன எவை, வீதி நாய்களுள் எதற்கு யார் சோறிடுகின்றனர் என்பன அவ்வேட்டில் எழுதற்பாலன. இறுதி வினாவே முதன்மையானது. அதற்கு விடை எழுதத் தொடங்கினால், உடையவரில்லை எனப்பட்ட நாய்களிற் பலவற்றிற்கு உடையவர் தோன்றுவர். மாணவர் இதன்பொருட்டு நாய்களை நெருங்குதலும் தொடுதலும் கூடாது, வினாவுதல் மாந்தரிடமே.

இரண்டாவது, ஊசிநாள். ஏட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கால்நடை வைத்தியரிடமும் காட்டி, ஊருக்கு ஒரு நாள் குறிக்கும்படி வேண்டுக. கணக்கு முன்னே கிடைப்பின் எத்தனை மருந்து வேண்டும் என்பது அவர்க்குத் தெளிவாகும். நாயைக் கயிற்றிற் கட்டிக் கொண்டுவருதல் பெரியோர் வேலை. ஊசி ஆண்டுதோறும் ஏற்றப்படல் வேண்டும் என்பதையும், ஏற்றிய அட்டையை வீட்டிற் பேணல் வேண்டும் என்பதையும் மாணவர்வழி வீடுகளுக்கு அறிவிக்க. பாஸ்டர் மறைந்த நாளாகிய செத்தெம்பர் 28 உலக விசர்நோய்த் தடுப்பு நாளாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாளையொட்டி இப்பாடத்தை நடத்துதல் பொருந்தும்.

மூன்றாவது, கருத்தடை. பெண்ணாய்களை முற்படுத்துக. பெண்குட்டியைக் கைவிடுதற்கு அஞ்சுங் காரணம் அது ஈனும் என்பதே. அக்காரணம் நீங்கினால் கைவிடுதலும் குறையும்.

நான்காவது, குப்பை. பாடசாலை தன் வளவிலிருந்தே தொடங்குக. மதியவுணவின் எச்சத்தை மூடியுள்ள தொட்டியில் இடுவித்து, அன்றே புதைப்பிக்க. கோயில் அறங்காவலரோடும் மீன்துறைச் சங்கத்தாரோடும் பேசி, இலையும் கழிவும் அவ்வாறே அகற்றப்படச் செய்க.

ஐந்தாவது, வழிதவறிய நாய். கழுத்துப்பட்டி உடையதும், மாந்தரைக் கண்டு அணுகி வருவதும், ஒரே வாயிலைச் சுற்றித் திரிவதுமாகிய நாய் பெரும்பாலும் வீட்டு நாயே. பெரியோர் ஒருவர் தொலைவிலிருந்தே நீரும் உணவும் வைத்து, அதன் நிறம், பால், அடையாளம், கண்ட இடம், நாள் என்பவற்றை எழுதிப் பாடசாலை, கோயில், கூட்டுறவுக் கடை ஆகிய மூன்றிடத்தும் ஒட்டுக; கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்க. உடையவர் வாராராயின் அதனை ஏற்க விரும்பும் வீட்டார்க்கு, ஊசி ஏற்றியபின் ஒப்படைக்க. வாய்நீர் ஒழுக, தள்ளாடி, காரணமின்றிக் கண்டதைக் கடிக்கும் நாயை எவரும் அணுகலாகாது. பரிசோதகருக்கு உடனே சொல்லியனுப்புக. ஒடுங்கி ஒளிந்துகிடப்பதும், தாடை தொங்கிக் குரல் மாறுவதும் விசரின் குறியாதல் உண்டு.

வெள்ளக்காலத்திலும் புயற்காலத்திலும் வீட்டை விட்டுப் பெயர நேரின், நாயைக் கட்டியபடி விட்டுச் செல்லலாகாது என்பதையும் கற்பிக்க. உடன்கொண்டு செல்லுதல் இயலாவிடின் கட்டவிழ்த்து விடுக, மீண்டுவந்தபின் தேடுக.

6. பிள்ளைகளுக்குரிய பாடம்

கீழ்வருவன சிறுவகுப்பிலே பலமுறை சொல்வித்தும் நடிப்பித்தும் பழக்கத்தக்கன.

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் அணுகாதே.
நாய்க்குக் கல்லெறியாதே, அதன் வாலை இழாதே.
நாய் துரத்தினால் ஓடாதே. மரம்போல அசையாது நில். அதன் கண்ணை உற்று நோக்காதே.
வீழ்ந்துவிட்டால் சுருண்டு, கைகளால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்.
கடித்தாலும், கீறினாலும், புண்ணை நக்கினாலும், கடித்தது சிறு குட்டியேயாயினும், அன்றே பெரியோரிடம் சொல்.

பெரியோர் செய்யத்தக்கது இது. கடிவாயை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய், கோப்பித்தூள் முதலிய யாதும் இடற்க. கட்டிப் பொதியாது உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கடித்த நாயைக் கொல்லாது, கூடுமாயின் கட்டிவைத்துப் பதினான்கு நாள் நோக்குக. அது நலமாயிருத்தல் வைத்தியர்க்கு ஒரு சான்றாகும். அதுகாறும் ஊசியைத் தாழ்த்தலாமா என்பதை வைத்தியரே முடிவுசெய்வர். பார்வை பார்த்தலும் மந்திரித்தலும் மனத்தைத் தேற்றலாம், நோயைத் தடா. தொடங்கிய ஊசியை நடுவில் நிறுத்துதல் பெருந்தவறு.

வினாக்கள்

1. கட்டாக்காலி என்னுஞ் சொல்லின் பொருள் யாது? மாட்டின் செயலுக்குப் பழி ஏற்பவர் யாவர்?
2. ஓரூரில் 320 நாய் உள. நூற்றுக்கு எழுபது வீதம் ஊசி பெறுதற்கு எத்தனை நாய்க்கு ஏற்றல் வேண்டும்? ஊசி பெற்றவற்றுள் 64 நாய் கொல்லப்பட்டு, ஊசி பெறாத 64 நாய் புதிதாக வரின், ஊசி பெற்றவை நூற்றுக்கு எத்தனையாகும்?
3. பெண்குட்டியைக் கைவிடுதல் ஊருக்கு எவ்வாறு தீங்காகின்றது?
4. கடிவாயில் இடத்தகாதன யாவை? செய்யத்தக்கது யாது?
5. பத்திரகிரியாரைக் குடும்பியென்று அடிகள் கூறியது எதனால்?
6. உமது பாடசாலை வாயிலில் நாடோறும் சோறுண்ணும் நாய் எவருடையது?

இறுதி வினாவிற்கு விடையை மாணவர் மாத்திரமன்று, ஆசிரியரும் எழுதுக.